வியாழக்கிழமைக்குச் சொல்லிவைத்த வலி

2023 மார்ச் 23, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மழை இல்லை, காற்றும் இல்லை. பனி மூட்டம் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரங்களின் பாதி உயரம் வரை நின்றது. பத்து நாளுக்கு முன் பெய்த மழைக்குக் காப்பி பூத்திருந்ததால், சன்னலைச் சாத்தியிருந்தும் வாசனை உள்ளே வந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து இடது விலாவைத் தொட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லை. விரலால் அழுத்தினேன். அப்போதும் வலிக்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

நாற்பத்தைந்து நாளாக வலித்த இடம் அது. வலி போனதற்கு எந்த மனிதனாவது பயப்படுவானா என்று கேட்பீர்கள். அந்த வியாழக்கிழமை வலியை நான் ஒரு பெண்ணுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். அவள் அதை நம்பிச் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

இது எப்படி வந்தது என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

பிப்ரவரி ஆறாம் தேதி இடது பக்க விலாவில் நான்கு விரல் அகலத்துக்கு எரிச்சல் வந்தது, மறுநாள் கொப்புளம். இந்த மலையில் உடம்பில் எங்கே எரிந்தாலும் முதல் சந்தேகம் கம்பளிப் பூச்சி மேல்தான். முந்தின நாள் பக்கத்துத் தோட்டத்து வேலியில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தேன். ஆகவே பூச்சிதான் என்று முடிவு செய்து தேங்காய் எண்ணெய் தடவினேன். என் மனைவி பார்த்தவுடன் சொன்னாள்.

"இது பூச்சி இல்லீங்க. அக்கி."

"நீ என்ன டாக்டரா?"

"எங்கப்பாவுக்கு வந்து பாத்திருக்கறேன். குப்பனூர்ல ஒரு கொசவரு அக்கி மேல காவியில சிங்கம் எழுதுவாராம், ஆறிருமாம். பஸ்ஸுல போனா மத்தியானத்துக்குள்ள வந்துரலாம்."

"நாம வேதக்காரங்க. சிங்கம் எழுதிக்கறதா?"

"அப்ப டாக்டர்கிட்டயாச்சும் போங்க."

போகவில்லை. முப்பத்தொரு வருடம் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதியவன், தோட்டத்தில் கம்பளிப் பூச்சி பட்டவர்களை நூறு பேராவது பார்த்தவன், எனக்குத் தெரியாதா என்று இருந்தேன். ஆறாம் நாள் சேலம் போனபோது டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, "மூணு நாளைக்குள்ள வந்திருந்தா மாத்திரைக்கு முழுப் பலன் இருந்திருக்கும்" என்றார். கொப்புளங்கள் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டன. வலி ஆறவில்லை. நரம்பு அப்படித்தான், மாதக்கணக்கில் இழுக்கும் என்றார்.

அந்த வலியைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். என்னால் சட்டை போட முடியவில்லை. துணி பட்டால் தணல் பட்டது போல இருந்தது. பிப்ரவரி மாதத்து ஏற்காட்டுக் குளிரில் எழுபத்துமூன்று வயதில் மேல் சட்டை இல்லாமல், வலது தோளில் மட்டும் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு கரி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சட்டை இல்லாமல் கோவிலுக்குப் போக முடியாது. விபூதிப் புதனுக்குப் போகவில்லை. தவக்காலத்துச் சிலுவைப் பாதை ஒன்றுக்கும் போகவில்லை. வீட்டில் செபம் சொல்ல உட்கார்ந்தால், பத்து அருள்நிறை மந்திரம் முடிவதற்குள் எழுந்து நடக்க வேண்டியிருக்கும். வீட்டின் நீளம் பதினாறு அடி. நடந்துகொண்டே ஆண்டவரோடு சண்டை போட்டேன். நான் குடித்ததில்லை, பொய்க் கணக்கு எழுதியதில்லை, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பதில் வரவில்லை. வலிதான் வந்தது.

மார்ச் முதல் வெள்ளிக்கிழமை, நோயாளிகளுக்கு நன்மை, அதாவது நற்கருணை, கொடுக்க ஒரு கன்னியாஸ்திரி வந்தார். நன்மை கொடுத்துவிட்டு, நான் விலாவைப் பிடித்துக்கொண்டு நெளிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இவ்வளவு வலிய வீணாக்கிட்டு இருக்கீங்களே" என்றார்.

"வீணாக்கறதா?"

"ஆண்டவரோட பாடுகளோட சேத்து யாருக்காவது ஒப்புக்கொடுங்க. பொதுவா உலகத்துக்குன்னு சொல்லாதீங்க. ஒரு ஆள நெனச்சுக் கொடுங்க."

சிறு வயதிலிருந்து கேட்ட வார்த்தைதான். ஞானோபதேச வகுப்பில் பல்வலி வந்தால்கூட ஒப்புக்கொடு என்பார்கள். ஆனால் 'வீண்' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கு வீண் ஆகாது. குழாய் சொட்டினால் தூக்கம் வராது. இரவும் பகலும் இத்தனை வலி ஒருவருக்கும் உதவாமல் ஓடைத் தண்ணீர் போலப் போய்க்கொண்டிருந்ததா என்று நினைத்தபோது, வலியைவிட அது அதிகமாக உறுத்தியது.

முதல் மூன்று நாளை இறந்துபோன என் அண்ணனுக்குக் கொடுத்தேன். அவர் இன்னும் மோட்சம் சேராமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில்தான் இருப்பார் என்று எனக்குச் சந்தேகம். நான்காம் நாள் என் மனைவியின் முழங்காலுக்கு. அந்த நாட்களில் வலி குறைந்தது என்று சொல்ல மாட்டேன். நடக்கும்போது ஒரு திசை இருந்தது. அவ்வளவுதான்.

என் மனைவி இதை அன்பியக் கூட்டத்தில் சொல்லிவிட்டாள். எங்கள் வரிசையில் இருக்கும் பதினொரு கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் கூட்டம் அது. மறுநாளே ஆள் வர ஆரம்பித்தது. கோவில் ஆபீஸில் பூசை யாருக்காக என்று கருத்து எழுதிக் கொடுக்கிற மாதிரி, என் வலியில் நாள் கேட்டு வந்தார்கள்.

ஒரு அம்மாள் தன் மகனின் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காகக் கணக்குப் பரீட்சை நாளைக் கேட்டார். ஒருவர் மகளின் மாப்பிள்ளை விஷயமாக ஞாயிற்றுக்கிழமை கேட்டார். பஸ் நிலையத்துப் பக்கம் டீக்கடையும் இரண்டு தங்கும் அறைகளும் வைத்திருப்பவர் சேலத்துக்காரர், நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். அவரும் வந்தார்.

"ஏனுங்க, எங்களுக்கெல்லாம் குடுப்பீங்களா?"

"கேக்கறதுல என்ன."

"சீசனுக்கு முன்னாடி ரெண்டு ரூமுக்கும் வேலை முடியோணும். முழு நாள் வேண்டாமுங்க. அரை நாள் போதும்."

அவர் போன பிறகு என் மனைவி, "டீக்கடைக்காரரு வலியிலயும் ஒன் பை டூ கேக்கறாரு பாருங்க" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் தேதி சொன்னேன், சமையலறைக் காலண்டரில் அவரவர் காரியத்தைக் குறித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. வேலையை விட்டுப் பதினைந்து வருடம் ஆன பிறகு என்னிடம் யாரோ எதையோ கேட்டு வந்தார்கள்.

மார்ச் இருபத்தொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை மாலை, தலைச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மலைக்காரர்கள். அவளும் புருஷனும் மிளகு பறிக்கும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர்கள். சனிக்கிழமை அவன் ஒற்றை மூங்கில் ஏணியிலிருந்து விழுந்துவிட்டான். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து சேலத்தில் கிடந்தான். மாற்றுத் துணி எடுக்கவும், பிள்ளைகளை மாமியாரிடம் விடவும் மேலே வந்தவளுக்கு, என் மனைவியோடு முன்பு தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்த பழக்கம்.

வாசலிலேயே நின்றாள். "உள்ள வா கண்ணு" என்றாள் என் மனைவி.

"இல்லீங்க, கடைசி பஸ்ஸுக்குப் போவோணும்." பிறகு என்னைப் பார்த்தாள். "வியாழக்கெழம ஆப்பரேசனுங்க. ரத்தம் நொம்பப் போயிருச்சு, தாங்குவாரான்னு பாக்கலாங்கறாங்க. எங்க சேர்வராயனுக்கு வேண்டிக்கிட்டேன். அம்மா சொன்னாங்க, நீங்க வலியக் குடுப்பீங்களாமா. அந்த ஒரு நாளு என்ற ஊட்டுக்காரருக்குக் குடுங்க."

வியாழக்கிழமை மாப்பிள்ளைக்காரருக்கு இரண்டாம் தடவையாகச் சொல்லியிருந்த நாள். அதை மாற்றினேன்.

"முழு நாளும் உனக்குத்தாம்மா" என்றேன்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் முகத்தில் ஒரு பாரம் இறங்கினதை என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன், வியாழக்கிழமை காலை எனக்குப் பயம் வந்தது.

காரணம் பெரிய புதிர் இல்லை. திங்கட்கிழமை டாக்டர் போனில் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார். மூன்று இரவு சாப்பிட்டது வேலை செய்துவிட்டது. இது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் அந்த நாற்பத்தைந்து நாளில் இந்த ஒரு நாளையா என்று மனம் அடித்துக்கொண்டது. மாப்பிள்ளைக்காரருக்கு முழு வலி கிடைத்தது. டீக்கடைக்காரருக்கு அரை நாள் கேட்டு ஒரு நாள் கிடைத்தது. உயிருக்குப் போராடுகிறவனுக்கு ஒன்றும் இல்லை. ஆண்டவர் எனக்கு வைத்தியம் செய்தாரா, என் கையிலிருந்ததைப் பிடுங்கினாரா?

சட்டை போட்டுப் பார்த்தேன். லேசான கூச்சம்தான். அதன் மேல் கம்பளி ஸ்வெட்டரைப் போட்டேன். ஒன்றுமில்லை. பின்கட்டுக்குப் போய்க் காப்பிச் சாக்கு ஒன்றை எடுத்து விலாவில் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்துவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"வலி வரல."

சாக்கை வாங்கி ஆணியில் மாட்டினாள். "வந்தா ஒரு பொலம்பல், வராட்டி ஒரு பொலம்பல். ஆண்டவரு உங்களுக்கு எந்தச் சாமானத்தத்தான் அனுப்புவாரு?"

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டேனே. நம்பிட்டு உக்காந்திருப்பாளே."

"அதுக்கு?"

"போய்ச் சொல்லணும். இன்னைக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு. சொல்லாம இருந்தா அது ஏமாத்துறது."

"ஆப்பரேசன் வாசல்ல போயி வலி வரலைன்னு சொல்லப் போறீங்களா?"

எனக்கும் அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. இல்லாத சரக்கைக் கொடுத்ததாக எழுதிவிட்டுச் சும்மா உட்காரும் பழக்கம் எனக்கில்லை. எட்டேகால் பஸ்ஸில் ஏறினேன். ஆறு வாரத்துக்குப் பிறகு சட்டையும் செருப்புமாக வெளியே வந்திருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் உடம்பு சாய்ந்து சாய்ந்து வந்தது. பக்கத்தில் இருந்தவரின் பலாப்பழச் சாக்கு இடித்தது. வலிக்கவில்லை. வெளியே குரங்குகள் சுவரில் உட்கார்ந்திருந்தன. வண்டியில் இருந்தவர்களில் நான் ஒருவன்தான் வலி வேண்டும் என்று செபித்துக்கொண்டு போயிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடி. ஆப்பரேசன் அறைக்கு வெளியே சுவரோரமாக இரும்பு பெஞ்சுகள். அவள் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் மிளகுக் குத்தகை போய்விடும் என்று காலையிலேயே மலைக்குத் திரும்பிவிட்டானாம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முந்தானையால் பெஞ்சைத் துடைத்தாள்.

"உள்ள கூட்டிட்டுப் போயாச்சா?" என்றேன்.

"பத்து மணிக்குங்க. நீங்க எதுக்குங்க இந்த வலியோட இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

அதுதான் சொல்ல வேண்டிய இடம். "அதைப் பத்தித்தாம்மா பேசணும்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் ஒரு நர்ஸ் வந்து இன்னொரு பாட்டில் ரத்தம் வேண்டும் என்று ஏதோ கையெழுத்துக் கேட்டார். இவள் எங்கே கையெழுத்துப் போடுவது என்று விழித்தாள். நான் வாசித்து இடத்தைக் காட்டினேன். திரும்பி உட்கார்ந்தபோது மணி பதினொன்று. கீழே போய் இரண்டு தயிர்சாதப் பொட்டலம் வாங்கி வந்தேன். அவள் நான்கு வாய் சாப்பிட்டாள்.

"எத்தன நாளாச்சு தூங்கி?"

"சனிக்கெழமையில இருந்துங்க. எங்கிங்க படுக்கறது, படுத்தா எழுப்பி உட்டுர்றாங்க."

இப்போது சொல்லலாம் என்று நான் தொண்டையைச் சரிசெய்தபோது, அவள் தலை சுவரில் ஒரு தடவை ஆடி, சாய்ந்து, என் மேல் விழுந்தது. இடது பக்கம். சரியாக அந்த நான்கு விரல் இடத்தில்.

தூங்கிவிட்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. ஒரு பாரம், கொஞ்சம் சூடு. பிறகு எங்கோ உள்ளே ஒரு நரம்பு விழித்தது. பிறகு எல்லாம் விழித்தன. நாற்பத்தைந்து நாளில் வந்த எந்த வலியும் அப்படி இல்லை, ஏனென்றால் அந்த நாட்களில் நான் எழுந்து நடக்கலாம். இப்போது அசைந்தால் அவள் எழுந்துவிடுவாள். வேர்த்துக் கொட்டியது. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் மூச்சு விடும்போதெல்லாம் தலை கொஞ்சம் ஏறி இறங்கியது. தலையில் தேங்காய் எண்ணெயும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த வாசனை.

எதிர் பெஞ்சில் ஒரு கிழவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"மகளுங்களா?"

"ஆமாங்க" என்றேன். பேச அவ்வளவுதான் மூச்சு இருந்தது.

"தூங்கட்டும், பாவம். நீங்க ஏனுங்க இப்பிடி வேர்க்கறீங்க? சக்கரை இருக்குதுங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன். இருக்கிறது என்று எடுத்துக்கொண்டாரோ, இல்லை என்று எடுத்துக்கொண்டாரோ, ஒரு சாக்லேட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. சுவர்க் கடிகாரம் என் பின்னால் இருந்தது, கைக்கடிகாரம் கட்டிய கை அவள் முதுகுக்குப் பின்னால் பெஞ்சைப் பிடித்திருந்தது. ஒன்றரை மணி நேரமாவது இருக்கும். அந்த நேரம் முழுதும் என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று: இவள் எழுந்துவிடக் கூடாது. யாராவது டிராலியைத் தள்ளிக்கொண்டு சத்தமாக வந்தால் அவர்களைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. செபம் சொல்லவில்லை. கிறிஸ்துவை நினைத்தேனா என்று கேட்டால், இல்லை.

கதவு திறந்த சத்தத்தில் அவளே எழுந்தாள். டாக்டர் இளவயசுக்காரர், முகக் கவசத்தை இறக்கிவிட்டுப் பேசினார். கம்பி வைத்தாகிவிட்டது, ஆபத்து இல்லை. நடப்பான். மரம் ஏறும் வேலை மட்டும் இனிமேல் கூடாது.

"ஏற வேண்டாமுங்க" என்றாள் அவள். "கீழ நின்னாப் போதும்."

அவர் போன பிறகு என் காலைத் தொட வந்தாள். நான் பின்னால் நகர்ந்தேன், விலா பிடித்து இழுத்தது.

"உங்க வேண்டுதல்தானுங்க."

"இல்லம்மா. நான் அதைச் சொல்லத்தான் வந்தேன். இன்னைக்குக் காலைல எனக்கு வலியே இல்ல. உனக்குக் குடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாம இருந்தது."

நான் சொன்னது அவளுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

"வலி இல்லீங்களா? அப்ப நல்லதுதானுங்களே" என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

அதற்கு மேல் நான் என்ன விளக்குவது? கீழே போய், ஆஸ்பத்திரி எதிரில் ஒரு கடையில் மடக்குப் பாய் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நோயாளியின் கட்டிலுக்குக் கீழே படுக்க ராத்திரி விடுவார்களாம், வெறும் தரையில்தான்.

நாலரை மணி பஸ்ஸில், அடிவாரம் தாண்டி முதல் வளைவு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒன்றரை மணி நேரத்து வலியை நான் யாருக்கும் ஒப்புக்கொடுக்கவே இல்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, மனதில்கூடச் சொல்லவில்லை. அப்படியானால் அது யார் பேரில் சேர்ந்தது? அவன் பேரிலா? இனிமேல் ஒப்புக்கொடுக்கலாம் என்றால், அவன் தொடையில் கம்பி ஏறி முடிந்துவிட்டது. அல்லது அதுவும் வீண்தானா? சிலுவைப் பாதையின் ஐந்தாம் தலத்தில், வயலிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு ஆளைப் பிடித்துச் சிலுவையைத் தூக்க வைக்கிறார்கள். அவன் கேட்டு வந்தவன் இல்லை. யாருக்காக ஒப்புக்கொடுக்கிறாய் என்று அவனிடம் யாரும் கேட்டதாக எங்கும் எழுதியில்லை. தோள் வலிக்கிறது என்றுதான் அவன் நினைத்திருப்பான். எழுபது வருடமாக அந்தத் தலத்தில் முழங்கால் போட்டிருக்கிறேன், அவன் மனதில் என்ன இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை. இதை யோசித்து எனக்குச் சமாதானம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. வளைவுக்கு வளைவு விலா பிடுங்கியது, மறுநாள் யாருக்குச் சொல்லியிருக்கிறது என்று வேறு மனம் தேடியது.

வீட்டுக்கு வந்தவுடன் காலண்டரைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். இனிமேல் யாருக்கும் நாள் சொல்வதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். வருகிறது வரட்டும், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு. அவள் சட்டையைக் கழற்ற உதவி செய்தாள். கை தூக்கும்போது கத்திவிட்டேன்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"அந்தாளு?"

"பொழச்சுக்கிட்டான். நடப்பான்."

அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, மாத்திரையும் வெந்நீரும் கொண்டுவந்து வைத்தாள். நான் விழுங்கும் வரை நின்று பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையில் இருந்த சில்லறையைக் கையில் கொட்டிப் பார்த்து, எவ்வளவு ஆச்சு என்றாள்.

பஸ், ஆட்டோ, தயிர்சாதம், டீ, பாய் எல்லாம் சேர்த்து நானூற்று ஐம்பத்து நான்கு ரூபாய்.